பழைய ட்ரெயிலரும் ‘உங்கட விருப்ப’மும்

ஆகஸ்ட் 18, 2007, சனி

புழுக்கம். காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஏணி வைத்து, விடுமுறைக்கு வண்டியில் கொழுவி இழுத்துப்போகும் எங்கள் ட்ரெயிலர் வீட்டின் கூரையில் ஏறி, பின்மூலை ஒழுக்குக்கு சிலிக்கோன் பூசினேன். இந்த வருடம் மூன்றாவது தடவை. கீழே இருந்து மலர், “விழுந்து கிழுந்து போடாதேங்கோ” என்றாள். ஏணியைப் பிடிக்கவில்லை. மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கட்டி முப்பது வருடமான மனைவி.

(இனி மலர் என்பதை ம. என்று எழுதுவேன். இந்த ட்ரெயிலர் விஷயத்தில் அவள் பெயர் நிறைய வரும் போலிருக்கிறது.)

ட்ரெயிலரின் வருத்தங்கள், இன்றுவரை:

– கூரை ஒழுக்கு.

– கதவடியில் தரை மெத்தென்று அமுங்குகிறது. ம.வின் தம்பி பாலன் ஸ்காபரோவிலிருந்து வந்தபோது காலை வைத்துப் பார்த்துவிட்டு, “அத்தான், கீழ றோட்டுத் தெரியுது” என்றான். தெரியவில்லை. அவன் வாய் அப்படி.

– குளிர்பெட்டி நினைத்தால் குளிரும்.

– வெளிப்பந்தல் துணி கிழிசல். தைத்த இடத்துக்குப் பக்கத்தில் புதுக் கிழிசல்.

நல்லது என்று சொல்ல ஒன்றே ஒன்று: நான் செய்த ஸ்டோர் றூம். 2001இல் இதை வாங்கிய வாரமே கழிவறைக் கோப்பையைக் கழற்றி, ஓட்டையைப் பலகையால் மூடி, நாலு தட்டு அடித்தேன். அரிசி, வெங்காயம், மடக்குக் கதிரை, தூண்டில், எல்லாம் அதற்குள். ஓட்டத்தில் கதவு அடிக்காமல் இருக்க வெளியே ஒரு பூட்டு. அடுப்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகை. பலகையின் இந்தப் பக்கம் பிள்ளையார் படம். சமையலுக்கும் சாமிக்கும் பக்கத்தில் போய் அந்த வேலையா? பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். ஆறு வருடமாக ஒரு தட்டு ஆடவில்லை.

ஆகஸ்ட் 20, திங்கள்

மழை வரும் போல இருந்து வரவில்லை. நான் வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் கிடங்கில் லொறி நெரிசல். நாள் முழுக்க ஃபோர்க்லிஃப்டில் இருந்து இடுப்பு விறைத்துப் போயிற்று. வேலை முடிந்து நேரே நெடுஞ்சாலை ஓரத்து ட்ரெயிலர் கடைக்கு. சும்மா பார்க்க. சும்மா பார்க்கப் போனது இது ஐந்தாவது தடவை. விற்பனையாள் லூக் என்னைக் கண்டதும் கையைத் தூக்கினான். பெருமூச்சும் விட்டான், கண்டேன்.

2004 மொடல். மூன்று வருடம்தான் ஓடியிருக்கிறது. இருபது அடி. கூரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை, நானே கதிரையில் ஏறித் தடவிப் பார்த்தேன். நல்ல கட்டில். எங்கள் வான் வண்டி இழுக்கும். பாரக்கணக்கை லூக் எழுதிக் காட்டினான். கழிவறை பின்கோடியில். அதையும் ஸ்டோர் றூம் ஆக்கலாம், பழைய தட்டுகளே அளவாக வரும்.

செப்டம்பர் 7, வெள்ளிவரை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பானாம். நான் நம்பகமான ஆள் என்று அல்ல. இனியாவது முடிவு சொல்லட்டும் என்றுதான்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

ம.விடம் கேட்டேன்.

“ட்ரெயிலரை மாத்துவமோ?”

“உங்கட விருப்பம்.”

“உமக்கு விருப்பமோ எண்டு கேக்கிறன்.”

“எனக்கென்ன. நீங்கள்தானே வாகனம் ஓடுறது.”

அதற்குப் பிறகு முருங்கைக்காய் விலை பற்றிக் கதைத்தாள். இந்தப் பெண்ணிடமிருந்து ஒரு ‘ஓம்’ அல்லது ஒரு ‘வேண்டாம்’ வாங்குவதற்கு நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். கார்டெறியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். அங்கே என்ன கறி என்பதை இவள்தான் முடிவு செய்கிறாளாம், அதிகாரி மனுசியே இவளைக் கேட்டுத்தான் சாமான் வாங்குகிறாளாம். வீட்டுக்கு வந்தால் உங்கட விருப்பம்.

பாலனுக்கு ஃபோன் எடுத்தேன். “அத்தான், சில்லு வைச்ச வீட்டைக் குடுத்துப்போட்டு ஹோட்டல்ல போய்ப் படுங்கோ” என்றான். அவனைக் கேட்டது என் பிழை.

ஆகஸ்ட் 23, வியாழன்

வெயில். காற்றும் இருந்தது. பின்னேரம் பழைய ட்ரெயிலரைக் கொழுவிக்கொண்டு, ம.வையும் ஏற்றிக்கொண்டு லூக்கிடம் போனேன். பழசுக்கு என்ன தருவான் என்று பார்க்க.

லூக் சுற்றி வந்தான். தட்டினான். குனிந்தான். கதவடியில் கால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு ஸ்டோர் றூம் பூட்டைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். அரிசிப் பை, வெங்காயக் கூடை, மேல்தட்டில் ம.வின் ஊறுகாய்ப் போத்தல்கள். கன நேரம் நின்றான்.

“ஊ எ லா த்வாலெத், மெஸ்யூ?”

கழிவறை எங்கே என்று கேட்கிறான். வீட்டில், நிலவறையில் என்றேன். கழற்றி ஆறு வருடம் என்றேன். சமைக்கிற இடம், சாமி இருக்கிற இடம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அவன் தலையாட்டிவிட்டு ம.வின் பக்கம் திரும்பினான். “எ வூ, மதாம்?” நீங்கள் என்ன செய்வீர்கள் என்று. ம. சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், போட்டோவுக்குச் சிரிப்பது. நான் குறுக்கிட்டு, ட்ரெயிலர் நிறுத்துகிற ஏரிக்கரைக் கேம்பில் பொதுக் கழிவறை இருக்கிறது, சுத்தமானது, நடந்தால் உடம்புக்கும் நல்லது என்றேன்.

கழிவறைக் கோப்பையைத் திரும்பப் பூட்டிக் கொண்டு வந்தால்தான் பழசை எடுப்பானாம். இல்லாவிட்டால் பழைய தகரத்தின் விலைதான். தலையிடி.

புதிதை ம.வுக்குக் காட்டினான். கட்டிலைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்க்கவில்லை. நேரே பின்கோடிக்குப் போய், கழிவறைக் கதவைத் திறந்து, உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். உள்ளே கொண்டி போடும் சத்தம் கேட்டது. லூக்கும் நானும் சோபாவில் இருந்து ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு நிமிடமாவது இருக்கும். கண்ணாடி பார்க்கிறாளாக்கும்.

வெளியே வந்தபோது முகம் நன்றாக இருந்தது. “எப்பிடி?” என்றேன். வாய் திறக்கப் போனாள். அதற்குள் நான், “பழைய தட்டுகளைக் கழட்டிக் கொண்டுவந்து இதுக்குள்ள அடிச்சா, அரிசி ரெண்டு பை வைக்கலாம்” என்றேன்.

“உங்கட விருப்பம்” என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள். வரும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி. பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா? ஊமைப்படம்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

முழு நாளும் நிலவறையில். அந்தக் கழிவறைக் கோப்பையைத் தேடி.

கிடைத்தவை: மகள் தாரணியின் உடைந்த ஸ்கேட். ஒற்றைக் கையுறை, ஏழு. ஒரு ஜோடிகூட இல்லை. பாலன் 1999இல் “ரெண்டு கிழமைக்கு” வைத்துவிட்டுப் போன பெட்டி. கிரைண்டர் கல், கிரைண்டர் இல்லை. எலி செத்த மணம், எலி இல்லை.

கோப்பை இல்லை. ம. கோயிலுக்குப் போயிருந்தாள். வந்த பிறகும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். புதிதாக ஒன்று வாங்கவேண்டும் போல.

ஆகஸ்ட் 31, வெள்ளி

தொழிலாளர் தின நீண்ட விடுமுறை, இங்கே அது செப்டம்பரில். பழைய ட்ரெயிலரோடு ஏரிக்கு வந்தாயிற்று. மூன்று மணிக்குள் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து முடித்தேன். வழக்கமான இடம், தண்ணீர்க்கரை. ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே ஃபோன் பண்ணி இந்த இடத்தைத்தான் கேட்பேன். பொதுக் கழிவறைக்குப் பக்கத்தில் இடம் தந்தால் எடுக்கமாட்டேன். மணம், சனம், கதவு அடிக்கிற சத்தம். இங்கிருந்து அது நல்ல தூரம், மேட்டுக்கு அந்தப் பக்கம்.

ஐந்து மணிக்கு ம. தேத்தண்ணி போட்டாள். ஒரு கோப்பை. எனக்கு.

“உமக்கு?”

“மனமில்லை.”

வீட்டில் நாலு கோப்பை குடிப்பவள். இங்கே வந்தால் மட்டும் மனமில்லை. போன வருடமும் இப்படித்தான், அதற்கு முந்தின வருடமும். இரவுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும். தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தாள். இடியப்பம் கொண்டுவந்திருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சண்டைகூடப் போடவில்லை.

செப்டம்பர் 1, சனி

நல்ல வெயில். நான் எழும்ப முன்னமே ம. நடக்கப் போய்விட்டாள். ஒவ்வொரு காலையும் இதே கதை.

பத்து மணிபோல, நாய்க்குட்டியோடு போன வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி எங்கள் மேசையடியில் நின்று “பொன்ஜூர் மலா!” என்றாள். இவளுக்கு எப்படிப் பெயர் தெரியும்? பிறகு மேட்டுப் பக்கத்துக் கூடாரத்துப் பெண், அவளும் “மலா!” ம. வழிநெடுக நின்று கதைத்துக்கொண்டு போகிறாள் போலிருக்கிறது. என்னோடு கதைக்க மட்டும் ஒன்றும் இல்லை.

மீன் இல்லை. தூண்டில் சிக்கு.

செப்டம்பர் 2, ஞாயிறு

ம. முகம் வாடிப்போய் இருக்கிறது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். “என்ன?” “ஒண்டுமில்லை, வாய்வு.” மத்தியானம் தர்ப்பூசணி வெட்டி வைத்தேன். ஒரு துண்டு கடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். தேத்தண்ணி வேண்டாம், பழம் வேண்டாம், பேச்சு வேண்டாம். இவளுக்கு இந்த வாழ்க்கையே பிடிக்கவில்லை. ஆறு வருடமாக என் ஆசைக்காக வருகிறாள். அதை வாய் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

முடிவு: புதிதும் வேண்டாம், பழசும் வேண்டாம். விற்றுவிட்டுச் சும்மா இருப்போம்.

சொன்னேன். “வித்துப்போடுவம். இனி இஞ்ச வரத் தேவையில்லை.”

ம. மிச்சத் தர்ப்பூசணியை மூடி வைத்தாள். பிறகு, “உங்கட விருப்பம்.” எழுந்து போய்க் கரையில் இருந்து, சேலையைச் சற்றுத் தூக்கி இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டாள். வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்தாள். மகிழ்ச்சியாக்கும்.

செப்டம்பர் 4, செவ்வாய்

வேலை இடைவேளையில் லூக்குக்கு ஃபோன். வேண்டாம் என்று சொன்னேன். “சரி மெஸ்யூ” என்றான், உடனே வைத்துவிட்டான். அவனுக்கு நிம்மதி.

வீட்டுக்கு வந்தால் ம. படுக்கை. காய்ச்சல். கார்டெறிக்கும் போகவில்லை. அவள் வேலைக்குப் போகாமல் நின்று நான் கண்டதில்லை. தாரணி நாளைக்குக் கிளினிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். நானும் லீவு.

செப்டம்பர் 5, புதன்

மேகமூட்டம். கிளினிக்கில் இரண்டரை மணிநேரம். கதிரை எல்லாம் இருமல். தாரணி மட்டும் தாயோடு உள்ளே போனாள், மொழிபெயர்க்க. “நீங்கள் இருங்கோ” என்று ம. சொல்லிவிட்டாள்.

சலக்கடுப்பு. கிருமி சிறுநீரகம்வரை ஏறப் பார்த்திருக்கிறது. மருந்து பத்து நாள்.

வரும்போது வண்டியைத் தாரணி ஓடினாள். நான் முன்னால், ம. பின்னால். தாரணி வாயை இறுக்கிக்கொண்டு இருந்தாள். சிவப்பு விளக்கில் நின்றதும்:

“அப்பா, டொக்டர் கேட்டவ, ஏன் தண்ணி குடிக்கிறேல்லை எண்டு.”

“தாரணி, பேசாமல் ஓடு” என்றாள் ம.

“நோ, அம்மா. அப்பா, கேம்புக்குப் போனா அம்மா நாலு மணிக்குப் பிறகு ஒண்டும் குடிக்கிறேல்லை. தண்ணிகூட. விடியக் கண் தெரியிற வரைக்கும் அடக்கிக்கொண்டு படுத்திருந்திட்டு, பேந்து அந்த மேட்டுக்கு ஓடுறா. சிக்ஸ் சமர்ஸ், அப்பா. நீங்கள் அந்தக் கோப்பையைக் கழட்டினதில இருந்து.”

விளக்குப் பச்சையாகி, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

நான் பின்னால் திரும்பினேன். “ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

ம. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “சொன்னா என்ன செய்வியள்? அப்ப போகவே வேண்டாம் எண்டு வித்துப்போடுவியள். எனக்கு அந்தத் தண்ணிக்கரை வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதும் அதுவேதான், சொல்லுக்குச் சொல்.

வீட்டுக்கு வந்து முன் பக்கங்களைப் புரட்டினேன். மனமில்லை. நடக்கப் போய்விட்டாள். கண்ணாடி பார்க்கிறாளாக்கும். மகிழ்ச்சியாக்கும். எல்லாம் என் கையெழுத்து. கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கிடக்கட்டும். வெட்கம்.

செப்டம்பர் 6, வியாழன்

காலையிலேயே லூக்குக்கு ஃபோன். அந்த 2004? நேற்றே போய்விட்டதாம். லாவால் பக்கத்து இளம் சோடி, வந்து அரை மணிநேரத்தில் முடிவு சொன்னார்களாம். ‘அரை மணிநேரம்’ என்பதை இரண்டு தடவை சொன்னான்.

ம.வுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கட்டிலடியில் போய் நின்று, புதிசு போய்விட்டது என்றேன். என்னைத்தான் ஏசப்போகிறாள் என்று நினைத்தேன்.

“எனக்குப் புதிசும் வேண்டாம், பழசும் வேண்டாம். ஒரு கதவும், அதுக்கு உள்பக்கத்தில ஒரு கொண்டியும் போதும்” என்றாள்.

“கோப்பையைக் காணேல்லை. நிலவறை முழுக்கத் தேடினனான்.”

“என்னைக் கேட்டனியளே?”

இல்லை.

“மாடிப்படிக்குக் கீழ, தையல் மெசினுக்குப் பின்னால. நீல விரிப்பால சுத்திக் கிடக்கு.”

போய்ப் பார்த்தேன். நான் கழற்றி நிலவறை மூலையில் போட்டு மறந்ததை அவள் தூக்கி வந்திருக்கிறாள். கழுவி, துடைத்து, இரண்டு மடிப்பு விரிப்பால் சுற்றி, கயிறு போட்டு. பக்கத்தில் ஒரு பால்மா ரின். உள்ளே அதன் ஆணிகள் எல்லாம், ஒன்றும் குறையாமல், எண்ணெய் பூசி ஒரு துணியில் முடிந்தபடி. பழைய கொண்டியும்.

படியில் இருந்துவிட்டேன். ஆறு வருடம் ஆணிக்கு எண்ணெய் பூசி வைத்திருக்கிறாள். ஒரு சொல் சொல்லவில்லை. நானும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், ‘விருப்பமோ’ என்று கேட்டுவிட்டு, பதில் வரமுன் அரிசிப் பைக்கு இடம் அளந்திருக்கிறேன்.

இதையும் எழுதிவிட வேண்டும், வேறு யாரும் படிக்கப் போவதில்லை. சாமி, சமையல் என்று நான் சொன்னது பாதிதான். மீதிப் பாதி: அந்தக் கோப்பைக்குக் கீழே ஒரு தொட்டி உண்டு. அதை யாராவது காலி செய்யவேண்டும். அந்த யாராவது நான். அந்த நினைப்பே எனக்குக் குமட்டியது. பிள்ளையார் பாவம், அவர் ஒரு ஆட்சேபமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, சனி

வெயில். குளிர்க்காற்று தொடங்கிவிட்டது. ட்ரெயிலர் முற்றத்தில். காலை முழுக்கத் தட்டுக் கழற்றல். ஆடாத தட்டு என்று பெருமைப்பட்டேன் அல்லவா? கழற்றவும் வரவில்லை. இரண்டு விரல் தோல் போயிற்று. ஆணி அடித்தவனைத் திட்டினேன். அடித்தவன் நான்.

மூடின பலகையைக் கிளப்பி, கோப்பையை இருத்தினேன். அடியில் வைக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டது. மூன்று கடை ஏறி இறங்கி, மூன்றாவதில் கிடைத்தது. ம. சால்வை போர்த்திக்கொண்டு, கதிரை போட்டு வாசலில் இருந்தபடி உத்தரவு:

“இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். அந்த ஆணியில்லை, நீட்டு ஆணி. கொண்டி உள்ளுக்கு, வெளியில இல்லை. படத்தைக் கழட்டி முன்பக்கம், மேசைக்கு மேல மாட்டுங்கோ.”

பிள்ளையாரை முன்பக்கம் மாட்டினேன். இப்போது அவருக்கு ஜன்னலால் வெளியே தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “புதிசு வாங்கப்போறதாகச் சொன்னீர்களே?” என்று கேட்டார், ஆங்கிலத்தில். நான் பதில் சொல்ல முன் ம. சொன்னாள், தன் ஆங்கிலத்தில்: “நெக்ஸ்ட் இயர். ஐ வில் சீ.”

உள்ளே போனதும் கேட்டேன். “அப்ப அடுத்த வருசம் புதிசு எடுப்பமோ?”

“நான் போய்ப் பாத்துச் சொல்லுறன்” என்றாள்.

இந்த வீட்டில் அந்த வாக்கியத்தை நான் கேட்பது இதுதான் முதல் தடவை. ரப்பர் மணம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

செப்டம்பர் 15, சனி

ஏரி. இந்த வருடம் கடைசி முறை. பாதி இடங்கள் காலி. மரங்கள் ஒன்றிரண்டு சிவந்துவிட்டன. அதே தண்ணீர்க்கரை இடம்.

கூரை காலை மழைக்கு ஒழுகியது. நாலாவது தடவை சிலிக்கோன் பூசவேண்டும். கதவடி இன்னும் அமுங்குகிறது. ஸ்டோர் றூம் இல்லாததால் அரிசிப் பை என் காலுக்குள், மடக்குக் கதிரை கட்டிலில், வெங்காயம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு அந்தத் தொட்டி. முழங்கைவரை கையுறை வாங்கியிருக்கிறேன். தாரணி சிரிக்கிறாள், ஃபோனில்.

நாய்க்குட்டிக் கிழவி காலை வந்து, “மலா எங்கே, இன்று காணவில்லையே?” என்று கேட்டாள். நித்திரை என்றேன். ஏழரை மணிக்கு, இந்த ஏரியில், நித்திரை.

மருந்து நேற்றோடு முடிந்தது.

ஐந்து மணி. தேத்தண்ணி நான் போட்டேன். இரண்டு கோப்பை. கரையில், காலைத் தண்ணீருக்குள் விட்டபடி குடிக்கிறாள். கூப்பிடுகிறாள். சீனி போதாதாம், இன்னொரு கோப்பை போடட்டுமாம்.